கரண்டிக்கு இந்தப் பக்கம்

கப்பலில் ஏறி ஒரு நாள்கூட முழுதாக ஆகவில்லை. அதற்குள் அந்தக் குடும்பம் மூன்று கட்சியாக உடைந்துவிட்டது. மகள் ஆளுங்கட்சி. அம்மா எதிர்க்கட்சி. அப்பா, யார் சாப்பாடு போட்டாலும் அவர்கள் கட்சி.

சண்டை அன்றைய ராத்திரிச் சாப்பாட்டைப் பற்றியது. மூன்று நாள் பயணத்தில் இரண்டாம் நாள்தான் பெரிய விருந்து. ஐந்தாம் தளத்தில், சரவிளக்குகளுக்கு அடியில், வெள்ளைத் துணி விரித்த மேசைகளோடு ஒரு சாப்பாட்டுக்கூடம் இருந்தது. ஏழரை மணிக்குப் போய் உட்கார வேண்டும். ஆறு சுற்றாகப் பரிமாறுவார்கள். எழுந்திருக்க இரண்டரை மணி நேரமாவது ஆகும். அதே நேரத்தில் பதினோராம் தளத்தில் பஃபே. நாற்பது வகை. தட்டை எடுத்துக்கொண்டு வரிசையில் நின்று, கேட்டதை வாங்கி, கிடைத்த இடத்தில் உட்கார்ந்துகொள்ளலாம். இரண்டுமே டிக்கெட்டில் அடக்கம்தான். வயிறுதான் ஒன்று. கீழே சாப்பிடுவதென்றால் மதியம் பன்னிரண்டுக்குள் பெயர் கொடுக்க வேண்டும். கால் மணி நேரத்துக்கு மேல் தாமதித்தால் மேசை காத்திருப்பவர்களுக்குப் போய்விடும். கேபின் கதவின் பின்பக்கம் இதெல்லாம் அச்சடித்து ஒட்டியிருந்தது. மகள் அதை மூன்று தடவை படித்துவிட்டாள்.

வீட்டில் அவளுக்குப் பட்டதாரி என்று பெயர். அந்த வம்சத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள். அப்பாவின் வெல்டிங் பட்டறைக் கூட்டாளிகள் கிண்டலுக்கு வைத்த பெயரை, அப்பா பெருமையாக நினைத்து வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். இப்போது அவள் ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் இருந்தாள். இழப்பீடு கேட்டு எழுதுகிறவர்களுக்கு 'வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறோம்' என்று தொடங்கிக் கடிதம் போடுவது அவள் வேலை. தினமும் முப்பது பேருக்கு வருத்தத்துடன் தெரிவிப்பாள். அந்த வருத்தத்தில் ஒரு சொட்டும் அவளுடையது இல்லை. கோபம் மட்டும் முழுக்க அவளுடையது.

இந்தப் பயணமே கோபத்தில் கிளம்பியதுதான். அலுவலக ஆண்டுவிழாக் குலுக்கலில் அவள் சீட்டு விழுந்தது. பரிசை நீட்டியபோது மேலாளர், "உங்க வீட்ல எல்லாரும் கப்பலைப் படத்துலதான பார்த்திருப்பாங்க?" என்று சிரித்தார். அவர் சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை. அதனால்தான் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"உக்காந்த சாப்பாடு," என்றாள் பட்டதாரி, கேபின் படுக்கையில் சம்மணமிட்டு.

"வரிசைச் சாப்பாடு," என்றாள் அம்மா, எதிர்ப் படுக்கையில் காலைத் தொங்கப்போட்டு.

"ம்மா. இருபத்திரெண்டு வருஷமா டயர் கம்பெனி கேன்டீன்ல கரண்டியைப் பிடிச்சுக்கிட்டு நிக்கறே. காலைல ரெண்டு மணி நேரம், மத்தியானம் மூணு மணி நேரம். காலைப் பாரு, நரம்பெல்லாம் கயிறு மாதிரி முறுக்கிக்கிட்டு நிக்குது. ஒரு நாள், ஒரே ஒரு நாள், நீ உக்காரணும். ஒருத்தர் வந்து உன் முன்னாடி நின்னு, 'அம்மாவுக்கு என்ன வேணும்'னு கேக்கணும். அவ்வளவுதான். நான் வேற எதையும் கேக்கல."

"நீ எனக்குச் செய்யறியா, என்கிட்ட கேக்கறியா?"

"பேச்சை மாத்தாதே."

"இங்க பாருடி. இருபத்திரெண்டு வருஷம் கரண்டிக்கு அந்தப் பக்கம் நின்னாச்சு. ஒரு நாள் இந்தப் பக்கம் நிக்கணும். அதான் என் ஆசை. உன் உக்காந்த சாப்பாட்டுல கரண்டியே கிடையாது. எவனோ உள்ளயே போட்டு, மூடி போட்டு, பொணம் மாதிரி தூக்கிட்டு வருவான். அங்க உக்காந்தா நான் எந்தப் பக்கம்னு எனக்கே தெரியாது."

அம்மாவின் ஆசை வெறும் ஆசை இல்லை. அதற்கு ஒரு பட்டியலே இருந்தது. கேன்டீன் வரிசையில் வந்து அவள் உயிரை எடுத்தவர்களுக்கு அவள் பட்டப்பெயர் வைத்திருந்தாள். அண்டாவின் அடியிலிருந்துதான் வேண்டும் என்று தினமும் அடம்பிடித்த ஃபோர்மேன், 'அடியிலருந்து'. எது போட்டாலும் முகத்தைச் சுளித்த ஸ்டோர் கீப்பர், 'நேத்து மாதிரி இல்லையே'. இந்தத் துண்டு வேண்டாம், அந்தத் துண்டு வேண்டும் என்று கண்ணாடியில் விரல் வைத்து அழுத்தியவர், 'அது இல்ல அது'. அப்புறம் 'இன்னும் கொஞ்சம்'. கடைசியாக, வாங்கிக்கொண்டு போய்ப் பாதி தின்றுவிட்டுத் தட்டோடு திரும்பி வந்து வேறு கேட்பவர். அவருக்குப் பெயரே வைக்கவில்லை. 'அந்த ஆள்' என்று சொல்லும்போதே அம்மாவின் பல் கடிபடும்.

இந்த ஐந்து பேராகவும் ஒரு நாள் தானே மாறிப் பார்க்க வேண்டும் என்பதுதான் அம்மாவின் வாழ்நாள் திட்டம். ஊரில் முடியாது. எந்த ஓட்டலுக்குப் போனாலும் கரண்டி பிடிப்பவர் யாராவது தெரிந்த முகமாக இருந்து தொலைப்பார்கள்.

பட்டதாரிக்கும் சொல்லாத காரணம் ஒன்று இருந்தது. வேலையில் சேர்ந்த புதிதில் அலுவலகத்தில் ஒரு பெரிய விருந்துக்கு அழைத்துப் போனார்கள். நல்ல பசி. கோழித்துண்டில் பாதிகூடத் தின்றிருக்க மாட்டாள்; யாரோ பேசியதைக் கேட்க, கத்தியையும் முள்கரண்டியையும் சேர்த்துத் தட்டில் சாய்த்து வைத்தாள். சட்டென்று ஒரு கை வந்து தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் 'முடித்துவிட்டேன்' என்று அர்த்தமாம். அவளுக்கு அது தெரியாது. இன்னும் முடிக்கவில்லை என்று சொல்லலாம் என்பதும் தெரியாது. அன்று வீட்டுக்கு வந்து, அம்மா கேன்டீனிலிருந்து கொண்டுவந்திருந்த ஆறிப்போன நூடுல்ஸைத் தின்றாள். அதற்கப்புறம் வீடியோ வீடியோவாகப் பார்த்து, எந்த முள்கரண்டி எதற்கு, கைத்துண்டை எப்படி மடிப்பது என்று பரீட்சைக்குப் படிக்கிற மாதிரி படித்தாள். படித்ததை எழுத இன்னும் பரீட்சை வரவில்லை. அதுதான் இன்றைக்கு ஏழரைக்கு.

"அப்பா, நீங்க சொல்லுங்க."

அப்பா கேபின் சுவரின் இணைப்பை விரலால் தடவிக்கொண்டிருந்தார். "எங்க வேணாலும் போலாம் பாப்பா. சோறு உள்ள போனாச் சரி."

பதினொன்று ஐம்பதுக்கு அம்மா திடீரென்று, "சரி, கீழயே போலாம். போய்ப் பேரைக் கொடு," என்றாள். பட்டதாரிக்கு அப்போதே சந்தேகம் வந்திருக்க வேண்டும். அம்மா ஒரு விஷயத்தில் இவ்வளவு சுலபமாக விட்டுக்கொடுத்ததாகச் சரித்திரமே கிடையாது. ஆனால் வெற்றி கண்ணை மறைத்துவிட்டது. ஓடிப்போய்ப் பெயர் கொடுத்துவிட்டு வந்தாள்.

மாலை ஆறரைக்கு அம்மா பச்சைச் சேலை கட்டி, கொண்டை போட்டு, பவுடர் பூசித் தயாராகிவிட்டாள்.

"கொஞ்சம் காத்து வாங்கிட்டு வரேன். இந்த ரூம்ல மூச்சு முட்டுது."

"ஏழேகாலுக்குள்ள வந்துடு."

"வராம? கடல்லயா குதிக்கப் போறேன்?"

ஏழு மணி ஆயிற்று. ஏழு ஐந்து ஆயிற்று. பட்டதாரி கருநீல கவுனில், ஹீல்ஸ் செருப்பில், கேபினுக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்தாள். அப்பா அவள் வாங்கிக்கொடுத்த கோட்டுக்குள் மாட்டிக்கொண்டு நின்றார். கடையில் சரியாகத்தான் இருந்தது. கப்பலில் ஒரு நாள் தின்ற பிறகு நடுப்பொத்தான் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தது.

"அப்பா, அம்மா எங்க?"

அப்பா சுவர் பக்கம் திரும்பினார். "என்ன அருமையான வெல்டிங் பாரு பாப்பா. கோடு கிழிச்ச மாதிரி."

அவருக்குப் பொய் சொல்ல வராது. பொய் சொல்ல வேண்டிய இடத்திலெல்லாம் வெல்டிங்கைப் புகழ்வார்.

"அப்பா!"

"பதினோராம் தளம்," என்றார் அப்பா சுவரைப் பார்த்து. "நான் சொன்னேன்னு சொல்லாதே."

லிஃப்டில் ஈ நுழைய இடமில்லை. கவுனைக் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு பட்டதாரி படியேறினாள். எட்டாம் தளத்தில் கோபம் வந்தது. ஒன்பதில் மூச்சு வாங்கியது. பத்தில் இரண்டும் சேர்ந்துகொண்டன. பதினொன்றில் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே நுழைந்தபோது, திட்டுவதற்கு வாக்கியங்கள் வரிசை கட்டி நின்றன.

பஃபே கூடம் சந்தை மாதிரி இருந்தது. குட்டைக் காற்சட்டை போட்ட குடும்பஸ்தர்கள், ஈரத் தலையோடு குழந்தைகள், மலை மாதிரி பழம், மலையை விடப் பெரிதாகக் கேக். சூடான பதார்த்தங்கள் வைத்திருந்த நீளமான கவுன்ட்டருக்கு முன்னால், பச்சைச் சேலையில், தட்டும் கையுமாக அம்மா.

பட்டதாரி பழ மலைக்குப் பின்னால் நின்றுகொண்டாள். பிடரியைப் பிடித்து இழுத்துப் போவதற்கு முன்னால், நடப்பது என்ன என்று பார்க்க வேண்டியிருந்தது.

கவுன்ட்டருக்கு அந்தப் பக்கம் தோள் அகன்ற ஓர் அம்மாள், தலையில் வலைத்தொப்பி, கையில் நீளக் கரண்டி.

"இது எப்ப வச்சது?" என்றாள் அம்மா, கழுத்தை ஒரு பக்கமாகச் சாய்த்து. அது ஸ்டோர் கீப்பரின் கழுத்து. பட்டதாரி அவரைப் பார்த்ததே இல்லை. ஆனாலும் சாட்சாத் அவரேதான்.

"இப்பத்தாம்மா. அஞ்சு நிமிஷம்கூட ஆகல."

"நேத்து மாதிரி இல்லையே."

"நேத்து இதைப் போடவே இல்லம்மா."

"அதான் சொல்றேன், நேத்து மாதிரி இல்லேன்னு." அம்மா கண்ணாடியில் விரலை அழுத்தினாள். "அந்த மீனு. அது இல்ல, அது. அது இல்லங்க, அதுக்குப் பக்கத்துல. ஆங், அதேதான். ஐயோ, இவ்வளவு பெருசா? அப்ப முதல்ல எடுத்ததே போடுங்க."

வலைத்தொப்பிக்காரம்மாள் முதல் துண்டையே எடுத்தாள்.

"உருளைக்கிழங்கு அடியிலருந்து போடுங்க."

அடியிலிருந்து வந்தது.

"இன்னும் கொஞ்சம்."

வந்தது.

"இன்னும் கொஞ்சூண்டு."

அம்மாவின் முகத்தைப் பார்த்துப் பட்டதாரி திகைத்துப்போனாள். அந்த முகத்தை அவள் பார்த்ததே இல்லை. பரீட்சையில் பார்த்து எழுதி மாட்டாமல் வெளியே வந்த பிள்ளையின் முகம். கன்னமெல்லாம் மினுமினுவென்று, சிரிப்பை உதட்டுக்குள் அடக்கிக்கொண்டு.

வலைத்தொப்பிக்காரம்மாள் கரண்டியைக் கீழே வைத்தாள். கண்ணாடிக்கு மேல் குனிந்தாள்.

"எந்த கேன்டீன்?"

அம்மாவின் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. "என்னது?"

"தட்டைக் கொண்டுவந்து கரண்டிக்குக் கீழ சாய்ச்சுக் காட்டறீங்க. ஒரு சொட்டு சிந்தல. எந்தப் பாசெஞ்சரும் இப்படிப் பிடிக்க மாட்டான். தட்டை அவன் நெஞ்சோட ஒட்டி வச்சுக்குவான், நாங்கதான் இடுப்பை ஒடிச்சு எட்டிப் போடணும். வாய் என்ன வேஷம் போட்டாலும் கை காட்டிக்கொடுத்துடுச்சே. எந்த கேன்டீன், எத்தனை வருஷம்?"

அம்மா தன் கையைப் பார்த்தாள். தட்டு கரண்டிக்கு வாகாக, ஒரு பக்கம் தாழ்ந்து, பவ்யமாக நின்றுகொண்டிருந்தது.

"டயர் கம்பெனி," என்றாள் சின்னக் குரலில். "இருபத்திரெண்டு."

"நான் கப்பல்ல பதிமூணு. அதுக்கு முன்னாடி ஆஸ்பத்திரி மெஸ். சரி, பண்றதுதான் பண்றீங்க, ஒழுங்காப் பண்ணுங்க. இதெல்லாம் பத்தாது. தட்டை நெஞ்சோட வைங்க. ஆங். இப்ப என்னைப் பார்க்காதீங்க, போனைப் பாருங்க. போனைப் பார்த்துக்கிட்டே 'ம்ம்'னு சொல்லுங்க. எதுக்கு 'ம்ம்'னு நான் கண்டுபிடிக்கணும்."

"ம்ம்," என்றாள் அம்மா, இல்லாத போனைப் பார்த்து.

"கோழியா மீனா?"

"ம்ம்."

"அம்மாடி, பிறவி நடிகை!"

இரண்டு பேரும் கவுன்ட்டருக்கு இரண்டு பக்கமும் நின்றுகொண்டு, தோள் குலுங்க, சத்தம் வராமல் சிரித்தார்கள். பின்னால் நின்றவர் தொண்டையைச் செருமினார். வலைத்தொப்பிக்காரம்மாள் அவரிடம், "ஒரு நிமிஷம் சார், இந்தம்மா ரொம்பக் கஷ்டமான கஸ்டமர்," என்றாள். அம்மாவுக்கு அது பதக்கம் குத்தின மாதிரி இருந்தது.

"அம்மா!"

பட்டதாரி பழ மலைக்குப் பின்னாலிருந்து பாய்ந்தாள். இரண்டு ஆரஞ்சுகள் உருண்டன.

"மணி என்ன தெரியுமா? ஏழு இருபத்தஞ்சு! எவ்வளவு தின்னே?"

"இது மூணாவது தட்டு," என்றாள் வலைத்தொப்பிக்காரம்மாள், யாரும் கேட்காமலே.

"மூணாவதா?"

"முதல் ரெண்டும் ஒத்திகைடி," என்றாள் அம்மா. ஆனால் அவள் கண் மகள் மேல் இல்லை. கண்ணாடிக்கு அடியில், கவுன்ட்டருக்குப் பின்னால் தெரிந்த இரண்டு கறுப்பு ஷூக்களின் மேல் இருந்தது. எடை ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறியது. உடனே பழைய காலுக்கே திரும்பியது. அம்மாவுக்குத் தெரியாத நடனமா அது.

"காலுக்கு அடியில ரப்பர் பாய் போடலையா உங்களுக்கு?"

"எட்டு மாசமா கேக்கறோம்."

"என்ன சொல்றாங்க?"

"'பயணிகள்கிட்டருந்து புகார் ஒண்ணும் வரலையே'ங்கறாங்க. நிக்கறது நாங்க, புகார் பயணி சொல்லணுமாம்."

"எங்களுக்கும் அப்படித்தான். மூணு வருஷம் கேட்டோம். ஒரு நாள் மேலிடத்துலருந்து வந்த ஆபீசர் ஒருத்தர் தரை சொரசொரன்னு இருக்குன்னு ஒரு வரி எழுதிட்டுப் போனார். அடுத்த வாரம் பாய் வந்துடுச்சு."

"அம்மா, ஏழு முப்பத்தொண்ணு. நாப்பத்தஞ்சுக்கு மேசை போயிடும்." பட்டதாரி அம்மாவின் கையைப் பிடித்து இழுத்தாள். அம்மா போகிற போக்கில் கேக் மலையிலிருந்து ஒரு துண்டைக் கிள்ளி எடுத்துக்கொண்டாள்.

லிஃப்டைப் பார்த்தார்கள். உள்ளே ஒரு தள்ளுவண்டி, நான்கு நீச்சல் மிதவைகள், ஏழெட்டுப் பேர். படியைப் பார்த்தார்கள். பட்டதாரி செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள். அம்மா கொசுவத்தை இடுப்பில் செருகினாள்.

"உனக்காகத்தானே இதெல்லாம் பண்றேன்!" பத்தாம் தளத்தில் பட்டதாரி கத்தினாள். "ஒரு நாள் நீ உக்காரணும்னு! அங்க போயும் கவுன்ட்டர்ல நின்னியே!"

"எனக்காகவா?" அம்மா வாயில் கேக்கோடு கத்தினாள். "எவனோ உன் தட்டைத் தூக்கிட்டுப் போனான். அந்தச் சண்டையைப் போட என்னைத் துணைக்குக் கூட்டிட்டுப் போறே!"

பட்டதாரி ஒரு படி தவறி, கைப்பிடியைப் பிடித்து நின்றாள். "அது உனக்கு எப்படித் தெரியும்?"

"விருந்துக்குப் போனவ வீட்டுக்கு வந்து ஆறின நூடுல்ஸை அள்ளி அள்ளித் தின்னா எனக்குத் தெரியாதா? அப்புறம் மூணு மாசம் உன் போன்ல, 'கரண்டியைச் சேர்த்து வச்சா தட்டை எடுத்துடுவாங்க'ன்னு வீடியோவா ஓடுது. நான் படிக்காதவதான்டி, குருடி இல்ல. நிக்காதே, ஓடு! மேசை போயிடும்!"

"நீ ஏன் இப்ப ஓடறே? உனக்குத்தான் வேணாமே!"

"உனக்கு வேணுமே, எருமை!"

பட்டதாரிக்குத் திருப்பித் திட்ட வேண்டும் என்றுதான் வாய் திறந்தது. வந்தது சிரிப்பு. எட்டாம் தளத்தில் அம்மாவுக்கும் அது தொற்றிக்கொண்டது. எதிரே ஏறி வந்த தம்பதி சுவரோடு ஒட்டிக்கொண்டார்கள்: ஒருத்தி கவுனும் வெறுங்காலும், இன்னொருத்தி சேலையும் கேக்குமாக, இரண்டு பேரும் கண்ணில் நீர் வழிய மோதிக்கொண்டு இறங்குகிறார்கள். கேபின் இருந்த ஏழாம் தளத்தில் அப்பா நின்றுகொண்டிருந்தார். இவர்களின் கோலத்தைப் பார்த்ததும் அவருக்கும் அடக்க முடியவில்லை. அந்தச் சிரிப்பில் நடுப்பொத்தான் உயிரை விட்டது. பட்டென்று பறந்து, படியில் டக் டக் டக் என்று இறங்கி, அவர்களுக்கு முன்னால் ஐந்தாம் தளத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

மணி ஏழு நாற்பத்துநான்கு.

சாப்பாட்டுக்கூடத்தின் வாசலில் நரைத்த மீசையோடு ஒரு பரிசாரகர் நின்றார். அவருக்காகவே பட்டதாரி நாலு பத்தி தயார் செய்து வைத்திருந்தாள். ஒரு நிமிடம் தாமதம் என்று வாயைத் திறக்கட்டும். வெறுங்காலைப் பார்த்து ஒரு புருவம் உயரட்டும். பயணிகளில் உயர்ந்தவர் தாழ்ந்தவர் உண்டா என்று முதல் பத்தியை அவிழ்த்துவிடத் தயாராக நின்றாள்.

அவர் குனிந்து பொத்தானைப் பொறுக்கினார். இரண்டு கையாலும் அப்பாவிடம் நீட்டினார்.

"வாங்க. உங்களுக்காகத்தான் பார்த்துக்கிட்டிருக்கேன். ஜன்னல் ஓரம் போட்டிருக்கு."

நாலு பத்தியும் வீணாய்ப் போயின. பட்டதாரி செருப்பை மாட்டிக்கொண்டு பின்னால் நடந்தாள்.

ஆளுக்கு மூன்று முள்கரண்டி, மூன்று கத்தி. அப்பா முதல் காரியமாக மேசைத்துணியைத் தூக்கி அடியில் பார்த்தார். "தரையோட சேர்த்து போல்ட் போட்டிருக்கான் பாப்பா!" பட்டதாரி கைத்துண்டைப் படித்தபடி மடித்து மடியில் விரித்தாள். இதோ வருகிறார். இதோ நிற்கிறார். மற்ற இருவரையும் விட்டுவிட்டு, அம்மாவின் பக்கம்தான் முதலில் குனிகிறார்.

"அம்மாவுக்கு என்ன வேணும்?"

அதே வார்த்தைகள். எழுதிக்கொடுத்த மாதிரி.

அம்மா அவரை அண்ணாந்து பார்த்தாள். "ஒண்ணும் வேணாம்ணே," என்றாள் மனசார. "வயிறு முட்டிடுச்சு."

பட்டதாரி கண்ணை மூடிக்கொண்டாள். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து பார்த்துப் பார்த்துக் கட்டிய கோட்டை, ஒரு ஏப்பத்தில் போயிற்று. ஆம், அம்மா ஏப்பமும் விட்டாள். அழுகைதான் வரும் என்று நினைத்தாள். படியில் மிச்சம் வைத்த சிரிப்புதான் மறுபடி கிளம்பியது. மூக்கு வழியாக வந்தது. பக்கத்து மேசை திரும்பிப் பார்த்தது.

பரிசாரகர் நகரவில்லை. "சூப்பாவது?"

"வேணாம்ணே. ஆனா அதுல என்ன இருக்குன்னு சொல்லுங்க. ஒண்ணொண்ணாச் சொல்லுங்க. எனக்குக் கேட்டாலே போதும்."

அவர் ஒரு கணம் யோசித்தார். பிறகு கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு சொல்ல ஆரம்பித்தார். காளான் சூப்பைச் சொன்னார். பூண்டு எந்தப் பதத்தில் வதக்கினார்கள் என்று சொன்னார். மீனைச் சொன்னார். வாட்டிய கோழியைச் சொன்னார். அம்மா கன்னத்தில் கைவைத்துக் கேட்டுக்கொண்டே இருந்தாள். இடையிடையே, "அது வெந்துடுச்சுன்னு எப்படிப் பார்ப்பீங்க?" "மேல ஆடை கட்டாம எப்படி வச்சிருக்கீங்க?" என்று கேட்டாள். அவர் குரலைத் தாழ்த்தி, "உண்மையச் சொன்னா மீனை விடக் கோழிதாம்மா இன்னிக்கு நல்லா வந்திருக்கு," என்றார். அம்மா உடனே தீர்ப்பு சொன்னாள்: "இவங்க ரெண்டு பேருக்கும் கோழி."

கோழி வந்தது. பட்டதாரி சரியான கத்தியை, சரியான முள்கரண்டியை எடுத்து வெட்டினாள். உண்மையிலேயே நன்றாக இருந்தது. பாதி தின்றிருப்பாள். அம்மா மேசை நடுவில் சின்னத் தாங்கியில் நின்ற அட்டையை உருவினாள்.

"இதுல என்னடி எழுதியிருக்கு?"

"'உங்கள் மேலான கருத்துகள்.' நல்லா இருந்துச்சு, இல்லைன்னு எழுதற சீட்டு."

"பயணி எழுதறதா?"

"ஆமா."

அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தாள். கப்பலில் ஏறியதிலிருந்து அவள் அப்படி உட்கார்ந்ததில்லை.

"நான் யாருடி?"

"பயணி," என்றாள் பட்டதாரி. சொல்லி முடிப்பதற்குள் அவளுக்குப் புரிந்துவிட்டது. உச்சந்தலையில் ஏதோ சுர்ரென்றது.

"அந்தம்மா எட்டு மாசமா கேக்கறது பத்தாதாம். என்னை மாதிரி கஷ்டமான கஸ்டமர் கேக்கணுமாம். நீ தினமும் முப்பது பேரை அழ வச்சு எழுதறியே, அதே மாதிரி ஒண்ணு எழுது. அந்தம்மா பேரு வராம எழுது. மாட்டிவிட்டுடாதே."

பட்டதாரி கத்தியையும் முள்கரண்டியையும் தட்டில் வைத்துவிட்டுப் பைக்குள் கையை விட்டுப் பேனாவை எடுத்தாள். இத்தனை வருடம் வேறு யாருடைய வருத்தத்தையோ எழுதிய கை. இன்றைக்குத் தன் சொந்தச் சரக்கை இறக்கப் போகிறது.

"'மிகுந்த வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறேன்'," என்று படித்துக்கொண்டே எழுதினாள். "'பதினோராம் தளத்து உணவுக் கவுன்ட்டரில், பரிமாறுபவர்கள் வெறும் தரையில் நிற்பதைப் பார்த்தபடி சாப்பிட நேர்ந்தது.'"

"நேர்ந்தது! அப்படிப் போடு!" என்றாள் அம்மா.

"'ஒரு பயணியாக இது என் பசியைக் கடுமையாகப் பாதித்தது.'"

"மூணு தட்டுதான் தின்ன முடிஞ்சுதுன்னு எழுது."

"சும்மா இரும்மா. 'அவர்கள் காலடியில் தடித்த ரப்பர் பாய் விரிக்கப்படாத கப்பலில் மீண்டும் பயணம் செய்ய மனம் ஒப்பவில்லை. உறவினர்கள், நண்பர்கள் யாவரிடமும் இதைச் சொல்லக் கடமைப்பட்டுள்ளேன்.'"

"நமக்கு ஏது கப்பல்ல போற சொந்தக்காரங்க?" என்றார் அப்பா.

"அவங்களுக்குத் தெரியாதுல்ல? நீங்க கோட்டைப் பிடிங்க, ரெண்டாவது பொத்தானும் ஆடுது."

அட்டையின் முன்பக்கம் நிரம்பிவிட்டது. திருப்பினாள். பின்பக்கம் அச்சு ஏதும் இல்லாமல் வெள்ளையாகக் கிடந்தது. அதைப் பார்த்ததும் கோபம் குதூகலமாகிவிட்டது. பாயின் தடிமன் எவ்வளவு இருக்க வேண்டும் என்று அம்மா விரலை வைத்துக் காட்டினாள். ஓரம் எப்படி மடிக்க வேண்டும் என்று அப்பா மேசைத்துணியில் கோடு போட்டார். மூன்று கட்சியும் ஒரே அட்டையின் மேல் தலை முட்டக் குனிந்திருந்தது.

அப்போது பட்டதாரியின் இடப்பக்கமாக ஒரு கை வந்தது. தட்டில் பாதிக் கோழி. அதன் மேல் கத்தியும் முள்கரண்டியும் பக்கத்தில் பக்கத்தில், புத்தகத்தில் போட்ட படம் மாதிரி. மூன்று மாதம் படித்த பாடம் பேனாவைத் தேடியதில் மறந்துபோயிருந்தது.

தட்டு மேசையிலிருந்து ஓர் அங்குலம் எழும்பியது. அம்மா மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

பட்டதாரி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. இடது கையால் தட்டின் விளிம்பை அழுத்தி மேசைக்கே கொண்டுவந்தாள். வலது கை எழுதிக்கொண்டே இருந்தது.

"இன்னும் முடிக்கலண்ணே," என்றாள். "ரெண்டையும்தான்."